கன்ட்ரோல் தொட்டி

ஜூலை 3, வியாழன்

மண் மூட்டையோடு பஸ் ஏறுகிறவளைக் கண்டக்டர் எப்படிப் பார்ப்பார் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

“ஏம்மா, விருதுநகர்ல மண்ணே கெடைக்காதா?”

“கெடைக்கும். இது எங்க வீட்டு மண்ணு” என்றேன். மனுஷர் மறு பேச்சுப் பேசாமல் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

ஈயம் கலந்த மண்ணில் பச்சைப்பயறு எப்படி வளர்கிறது, அதன் உள்ளே இருக்கும் நொதிகள் என்ன பாடு படுகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. ஒரே மண்ணைப் பல தொட்டிகளில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஈயத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஈயமே சேர்க்காத தொட்டிதான் கன்ட்ரோல். மற்ற தொட்டிகளின் நோயையெல்லாம் அதை வைத்துத்தான் அளப்போம். அதனால் கன்ட்ரோல் மண் அப்பழுக்கு இல்லாததாக இருக்க வேண்டும். வேறெங்கே தேட? எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்தே அள்ளிக்கொண்டேன். அம்மா இருந்தவரை கீரை போட்ட பாத்தி அது. இப்போது மதினி போடுகிறாள்.

ஐந்து வருடம் விடுதிச் சாம்பாரைக் குடித்துவிட்டுப் போன மாதம்தான் வீட்டோடு வந்தேன். அண்ணன் சௌந்தரம், மதினி முத்துப்பேச்சி, அவர்கள் மகள் மிருதுளா, நான். நாலு வயது மிருதுவின் வாய் மட்டும் நாற்பது வயது.

சாயங்காலம் அண்ணன் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிவிடுகிறாள். கம்பெனியில் தூசிக்கு மருந்தாகத் தினமும் ஆளுக்கு ஒரு அச்சுவெல்லம் கொடுக்கிறார்கள். தொண்டையில் ஒட்டியதை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடுமாம். அண்ணன் அதைத் தின்பதில்லை. காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து மகளிடம் கொடுக்கிறான். இன்று வெல்லம் முடிந்த பிறகு பைக்குள் ஒட்டிய தூளையும் விரலால் துழாவி நக்கினாள். கழுதை, அத்தைக்கு ஒரு துண்டு என்று கேட்டால் மட்டும் காது கேட்காது.

ஜூலை 12, சனி

முளைத்துவிட்டது. ஆனால் கன்ட்ரோல் தொட்டிச் செடிகள் சரியில்லை. ஈயம் போட்ட தொட்டிகளுக்கும் இவற்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. எல்லாமே குட்டை, எல்லாமே வெளிறல்.

பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா தொட்டிகளை மாற்றி வைத்திருக்க வேண்டும். கேட்டேன். “உன் தொட்டிய நான் ஏன்டி தொடப் போறேன்?” என்றாள். வேறு யார் தொட்டார்கள் என்று கேட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

இன்றும் பேசவில்லை.

ஜூலை 21, திங்கள்

புதுத் தொட்டிகள், புது விதை, காய்ச்சி வடித்த தண்ணீர், ஸ்டெல்லாவின் நிழல்கூடப் படாத மூலை. அப்படியும் அதே கதை.

இன்று நொதியைச் சோதித்தேன். அலாட் என்று சுருக்கமாகச் சொல்லுவோம். இலையில் பச்சையம் உண்டாவதற்கு ஆரம்ப வேலையைச் செய்வது அதுதான். நொதி ஒழுங்காக வேலை செய்தால், இலைச் சாற்றில் கடைசியாக மருந்தை ஊற்றும்போது குழாயில் ரோஜா நிறம் வரும். ஈயம் போய் அந்த நொதியில் உட்கார்ந்துகொண்டால் நிறம் வராது. கன்ட்ரோல் குழாய் வெளுத்துக் கிடந்தது.

வழிகாட்டி சார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “மண்ணை டெஸ்ட் பண்ணினியாம்மா?” என்றார்.

“எங்க வீட்டு மண்ணு சார்.”

“அது ஒரு பதிலா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர் நினைத்திருப்பார். மண்ணைச் சோதனைக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவர் சொன்னதை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

அண்ணன் வேலை பார்ப்பது பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கம்பெனியில்தான். சார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அண்ணன் லோடிங்கில் இருக்கிறான், உலைப் பக்கம் போவதே கிடையாது. கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கண்மாயே கிடக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

ஊரில் அம்மன் கோயில் பொங்கலுக்குச் சாட்டியாகிவிட்டது. அடுத்த செவ்வாய் முளைப்பாரி. மதினி இந்த வருடம் மிருதுவுக்காக நேர்ந்திருக்கிறாள். பிள்ளைக்குத் தினம் வயிற்றுவலி, மலச்சிக்கல். சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். “கண்ணேறுதான் கயலு. பேசுற பேச்சுக்கு ஊரே இவளத்தான பாக்குது” என்கிறாள் மதினி.

என் முழுப்பெயர் அங்கயற்கண்ணி. மதினி கயலு என்று கூப்பிட்டால்தான் எனக்கே நான் ஆள் மாதிரி இருக்கிறது.

காலையில் இருவருமாகக் கொல்லை மண்ணை அள்ளிச் சலித்தோம். ஆட்டுப்புழுக்கையைப் பொடி செய்து கலந்து சட்டியில் நிரப்பி, ஊறப்போட்ட நவதானியத்தை மேலே தூவினாள். எல்லோர் சட்டியையும் முளைவீட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். வெயில் படக்கூடாது. விரதம் இருக்கிறவர்கள் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பார்கள்.

மிருது ஜூன் மாதத்தில் இருபது வரை எண்ணினாள். இன்று எண்ணச் சொன்னால் ஏழோடு நின்றுகொண்டு என்னை முறைக்கிறாள். பிடிவாதம், அப்படியே என்னை உரித்து வைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முளைவீட்டைத் திறந்தார்கள். முழம் உயரத்துக்குப் பொன் நிறத்தில் வரிசையாக நின்றன சட்டிகள். மதினியின் சட்டியில் விரல் உயரத்துக்கு நாலு முளை. மற்றவை தலையே தூக்கவில்லை.

குலவை பாதியில் நின்றுவிட்டது. முளைப்பாரிக்கு முன்னால் நிற்கிற சீனியம்மா பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: “வெரதம் சுத்தமா இருந்தியா தாயி? ஆத்தா பொய் சொல்ல மாட்டா.”

மதினி அந்தச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்வலத்தில் கடைசியாக நடந்தாள். கும்மி கொட்டும்போது இரண்டு பேர் அவளை விட்டுத் தள்ளி நின்றதை நான் பார்த்தேன். அவர்கள் முடியைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது.

ஒரே விதை, ஒரே இருட்டு, ஒரே குடத்துத் தண்ணீர். மண் மட்டும்தான் அவரவர் வீட்டிலிருந்து வந்தது. நான் லேபில் ஒரு மாதமாக மாரடித்தும் செய்ய முடியாத சோதனையை ஊர்ப் பெண்கள் ஒரு வாரத்தில் செய்து முடித்திருக்கிறார்கள்.

கண்மாயில் சட்டியைக் கரைக்கும் முன்பு ஒரு முளையைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கறுத்து, முனை மழுங்கி, ஒரு சல்லிவேர்கூட இல்லாமல் இருந்தது. என் தொட்டிகளிலும் இதே வேரைத்தான் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்து மதினியிடம் கேட்டேன். “கொல்லையில எப்பவும் இருக்கிற மண்ணுதான மதினி?”

“அது எங்க இருக்கு? நீ ஆஸ்டல்ல இருந்தப்ப மழைத் தண்ணி தேங்கிப் பள்ளமாக் கெடந்துச்சுல்ல? உங்கண்ணந்தான் கம்பெனியில சும்மா குடுக்காகன்னு ரெண்டு டெம்போ மண்ணடிச்சாக. கருகருன்னு நல்ல மண்ணு.”

ஆகஸ்ட் 6, புதன்

மண்ணைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டேன். சார் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷர்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நான் என் மோசமான தொட்டியில் கலந்ததைவிட எங்கள் கொல்லையில் ஈயம் அதிகம்.

சார் தாளை என்னிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அதுல விளைஞ்சதை யாரும் சாப்பிடுறாங்களா?” என்று அப்படியே கேட்டார். நான் தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது இரண்டு மாதமாகத் தின்ற கீரை மசியலெல்லாம் நினைவுக்கு வந்தது. நான் இரண்டு மாதம்தான் தின்றேன்.

மதினியிடம் முதலில் சொன்னேன். மண்ணில் விஷம் இருக்கிறது, முளை வராததற்கு அதுதான் காரணம் என்றேன்.

“மண்ணுதானா? அப்ப எம்மேல குத்தமில்லையா?”

“இல்ல மதினி.”

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. சீனியம்மா பெரியம்மாவிடம் போய்ச் சொல்ல முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்தவள், வாசல்படியில் நின்றுவிட்டாள். திரும்பி மிருதுவைப் பார்த்தாள். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணனிடம் சொன்னபோது அவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். சட்டையைக்கூடக் கழற்றாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். கீரையையெல்லாம் பிடுங்கிக் குழியில் போட்டான். தூசி பறக்குது, தண்ணி தெளிச்சுட்டு வெட்டு என்று நான் கத்துவது அவன் காதில் விழவில்லை.

“நாந்தானத்தா கொண்டாந்து கொட்டுனேன்” என்றான் நடுவில் ஒரு தரம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மிருதுவின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது.

மதுரை டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். எவ்வளவு வரைக்கும் இருக்கலாம் என்று அண்ணன் கேட்டான். “இருக்கவே கூடாதுங்க” என்றார். வருகிற வழியை அடைத்துவிட்டால் ரத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்றும், அடுத்த மாதம் மறுபடி பார்ப்போம் என்றும் சொன்னார். சோகையும் இருக்கிறதாம். இரும்புச்சத்து குறைந்தால் உடம்பு ஈயத்தை இன்னும் இழுத்துக்கொள்ளுமாம். டானிக் எழுதிக் கொடுத்தார்.

“வீட்ல யாரும் ஈய வேலை பாக்குறீங்களா?”

நான் முந்திக்கொண்டேன். “அண்ணன் பேட்டரி கம்பெனியில இருக்காங்க மேடம். ஆனா லோடிங்லதான்.”

அண்ணன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். “லோடிங் போன வருசமே போயிருச்சுத்தா. இப்ப ஒடைக்கிற எடந்தான்” என்றான்.

டாக்டரம்மா அவனிடம், இனிமேல் கம்பெனியிலேயே குளித்து உடை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும், வேலைச் சட்டை வீட்டுக்குள் வரவே கூடாது என்றார். அங்கே குளிக்க இடமில்லை என்றான். வாசலில் குழாயடியிலாவது குளியுங்கள் என்றார். சரியென்று தலையாட்டினான்.

வெளியே வந்ததும் அவன் மதினியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “இரும்புச்சத்துன்னா எதுல இருக்கு?”

“பேரீச்சம்பழம், முருங்கக்கீரை, வெல்லம்” என்றாள் மதினி.

இதில் எனக்கு ஒரு கணக்கு உறைத்தது. அதை எழுதி வைக்கிறேன், எழுதினால் தூங்கலாம். பச்சைப்பயறு இலையில் பச்சை உண்டாக்குகிற அதே அலாட் நொதிதான் நம் உடம்பில் ரத்தத்தின் சிவப்பை உண்டாக்கவும் வேலை செய்கிறது. செடியில் அதை அளந்து அளந்து வெளுத்த குழாயைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டெல்லாவோடு சண்டை போட்டவள், வீட்டில் வெளுத்துக்கொண்டு வந்த பிள்ளையைப் பிடிவாதக்காரி என்று எழுதியிருக்கிறேன். பி.எச்டி. வேறு.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஸ்டெல்லா தன் ஊரிலிருந்து ஒரு மூட்டை மண் கொண்டுவந்து என் மேசைக்கு அடியில் வைத்தாள். “இது எங்க வீட்டு மண்ணு இல்ல. டெஸ்ட் பண்ண மண்ணு” என்றாள். அழுதுவிட்டேன். அவள் திட்டிக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தாள்.

செப்டம்பர் 8, திங்கள்

புதுக் கன்ட்ரோல் செடிகள் தளதளவென்று நிற்கின்றன. குழாயில் ரோஜா நிறம் வந்தது. லேபில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

வீட்டிலும் காரியங்கள் ஒழுங்காக நடக்கின்றன. கொல்லையில் சிமெண்டு பூசியாகிவிட்டது. மதினி தினம் இரண்டு முறை ஈரத்துணியால் வீட்டைத் துடைக்கிறாள். அண்ணன் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் படியேறுகிறான். சட்டையை வெளியே வாளியிலேயே ஊறப்போட்டுவிடுகிறான். டானிக் நேரத்துக்குப் போகிறது. வயிற்றுவலி மட்டும் இன்னும் விடவில்லை. எல்லாம் மெல்ல மெல்லத்தான் சரியாகும் என்று நான் மதினிக்குச் சொல்கிறேன்.

செப்டம்பர் 20, சனி

கூடியிருக்கிறது.

டாக்டரம்மா தாளை இரண்டு முறை பார்த்தார். “குறையணும். கூடியிருக்கே. எங்கிருந்தோ இன்னும் உள்ள போகுது. என்ன சாப்பிடுறா?” மதினி ஒவ்வொன்றாகச் சொன்னாள். தண்ணீர் கேன் தண்ணீர், அரிசி கடை அரிசி, கீரை சந்தையில் வாங்கியது. பொம்மைகளைக்கூடக் கழுவுகிறோம் என்றாள். புதன்கிழமை பெட்டில் சேர்த்துவிடுங்கள், மருந்து ஏற்றித்தான் வெளியே எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அப்படி எடுத்தாலும் மூளைக்குப் போய்விட்டது போனதுதான் என்பதை மதினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போன பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்.

மிருது இப்போது ஐந்து வரை எண்ணுகிறாள்.

செப்டம்பர் 22, திங்கள்

லேபுக்குப் போக மனமில்லாமல் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணன் வருகிற நேரத்துக்கு நானும் வாசலில் இருந்தேன். இந்த இரண்டு மாதமாக அந்த நேரத்தில் நான் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பேன்.

சைக்கிளை நிறுத்தினான். மிருது ஓடினாள். “கிட்ட வராத, அப்பா இன்னும் குளிக்கல” என்று தள்ளியே நின்றுகொண்டான். எவ்வளவு கவனமாக இருக்கிறான் பாவம் என்று நினைத்தேன். அப்படித் தள்ளி நின்றபடியே சட்டைப்பையில் கைவிட்டு, காகிதப் பொட்டலத்தை எடுத்து, கையை நீட்டி அவளிடம் கொடுத்தான்.

பொட்டலத்தில் ஒன்றுக்கு மூன்று வெல்லம் இருந்தது.

“மூணா?” என்றேன்.

“கூட வேலை பாக்குறவங்க ரெண்டு பேரு குடுத்தாகத்தா. பாப்பாவுக்கு ரத்தம் ஊறணும்னு சொன்னேன், மறுவார்த்தை பேசாமத் தந்துட்டாக. ஒரு மாசமா தினம் தாராக. நல்ல மனுசங்க.”

மிருது அதற்குள் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். நான் அவள் வாய்க்குள் விரலைவிட்டுத் தோண்டி எடுத்தேன். கடித்துவிட்டாள். வீறிட்ட சத்தத்தில் மதினி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அண்ணன், “ஏத்தா, பிள்ளை வாயில இருந்து பிடுங்குற?” என்றான். வெல்லம் கொஞ்சம் அழுக்காயிருச்சு, வேற வாங்கிக்கலாம் என்று உளறினேன். மீதி இரண்டையும் காகிதத்தோடு பைக்குள் போட்டுக்கொண்டேன். காகிதத்தின் உள்பக்கம் சாம்பல் நிறமாக இருந்தது.

இந்த நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். பைக்குள் ஒட்டியதை நக்கினாள் என்று எழுதி, அதற்கு ஒரு கேலியும் எழுதி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

புதுக் கன்ட்ரோல் இலையின் சாற்றை இரண்டு குழாய்களில் எடுத்தேன். ஒன்றில் கடைவெல்லத்தைக் கழுவிய தண்ணீர், இன்னொன்றில் அண்ணன் கொண்டுவந்த வெல்லத்தைக் கழுவிய தண்ணீர். ஸ்டெல்லா பக்கத்தில் நின்றாள். கடைவெல்லக் குழாய் ரோஜா நிறமாக மாறியது. மற்றது வெளுத்தபடியே இருந்தது. இன்னும் கொஞ்சம் நேரம் பார்ப்போம் என்றேன். ஸ்டெல்லா என் கையிலிருந்து குழாயை வாங்கி வைத்துவிட்டு, “வீட்டுக்குப் போடி” என்றாள்.

இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? மண்ணைச் சொன்னபோது அவனுக்கு வெட்ட மண் இருந்தது.

பஸ் விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் கண்மாய்க்கரை ரோட்டில் நின்றேன். சைக்கிளில் வந்தவன் என்னைப் பார்த்ததும் பிரேக் பிடித்தான். ஒரு காலை ஊன்றிக்கொண்டு, “என்னத்தா, இங்க நிக்கிற?” என்றான்.

சொன்னேன். வெல்லத்தில் குறையில்லை, அது அங்கே கைமாறிச் சட்டைப்பையில் கிடந்து வருவதில்தான் வினை என்றேன். அவன் பையிலிருந்து இன்றைய பொட்டலத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் ஒரு நாளும் இத வாயில வச்சதில்ல கயலு” என்றான். “அவளுக்குன்னுதான்.”

“தெரியும்ணே.”

“நல்லதுன்னுதான குடுத்தாக.”

பொட்டலத்தைக் கண்மாய்க்குள் எறியக் கையை ஓங்கினான். தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டான். அதை எங்கே போடுவது என்று எனக்கும் தெரியவில்லை. வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு நடந்து வந்தான். வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான்.

செப்டம்பர் 24, புதன்

மதுரைக்கு மத்தியானம் கிளம்ப வேண்டும். அண்ணன் கணக்கை முடித்துவிட்டு வருகிறேன் என்று காலையில் கம்பெனிக்குப் போனான். வெல்லம் தந்த இரண்டு பேருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களாம், அவர்களிடம் சொல்ல வேண்டும் என்றான்.

பதினோரு மணிக்கெல்லாம் வந்துவிட்டான். வழியிலேயே யார் வீட்டிலோ குளித்து, யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வந்திருந்தான். தொளதொளவென்று இருந்தது. மிருது ஓடினாள். இந்த முறை அவன் தள்ளி நிற்கவில்லை. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான்.

அவள் சட்டைப்பைக்குள் கையை விட்டாள். ஒன்றும் இல்லை. மறுபடியும் விட்டுத் துழாவினாள். கையை வெளியே எடுத்து விரல்களைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“நீயே தின்னுட்டியாப்பா?”

மதினி துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

“ஆமாத்தா” என்றான் அண்ணன். “அப்பாவே தின்னுட்டேன்.”

அவள் அவன் முகத்தில் ஓர் அடி அடித்தாள். இறக்கிவிடச் சொல்லி உதைத்தாள். அவன் இறக்கிவிடவில்லை. மதுரை பஸ் வரும்வரை அப்படியேதான் வைத்திருந்தான்.